நீருக்கடியில் ஒரு சாட்சி

கிணற்றை எட்டிப் பார்த்தவர் எவருக்கும் ஓர் அநுபவம் உண்டு. கயிறு அறுந்து விழுந்த வாளி அடியிலே கிடக்கும். நீர் தெளிந்திருந்தால், சற்று நீண்ட கழியொன்று கிடைத்தாற் போதும், எடுத்துவிடலாம் என்று தோன்றும். பாதாளக்கரண்டியைக் கயிற்றிற் கட்டி இறக்கும்போதுதான் கயிறு போதாமற் போவது தெரியவரும். நம் கண்ணிற் குறை எதுவும் இல்லை. வாளியிலிருந்து கண்ணுக்கு வந்த ஒளியை நீர் திசை மாற்றிவிட்டது. நீரில் நான்கு முழ ஆழத்திற் கிடப்பது மூன்று முழ ஆழத்திற் கிடப்பது போலத் தோன்றும்.

வாளியைப் பொறுத்தவரையில் இந்த ஏமாற்றத்தால் வரும் நட்டம் ஒரு முழக் கயிறு மாத்திரமே. ஆனால், ஆற்றின் நடுவே நிற்கும் பாலத் தூணையும், துறைமுகச் சுவரின் அடியையும், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையின் கால்களையும் இதே நீரின் ஊடாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவை உறுதியாக இருக்கின்றனவா என்று அறிவதற்காக நீருக்குள் இறங்கிப் படம் பிடிக்கும் தொழிலொன்று உலகில் நடைபெற்று வருகிறது. அத்தொழிலின் அடிப்படை விதிகளை இங்கு எடுத்துக்கூற விரும்புகிறேன். பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அவ்விதிகள் எனக்குப் பழக்கமானவையே. எனினும், ஒளிமுறிவு என்னும் பாடம் மனித உயிர்களோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது என்பதை எனக்கு உணர்த்தியவன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன்.

அவன் அரபு நாட்டுக் கடலில் எண்ணெய் மேடைகளைச் சோதிக்கும் சுழியோடிகள் குழுவில் வேலை செய்பவன். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, கடலுக்கடியில் தான் எடுத்த படங்கள் சிலவற்றைக் காட்டினான். பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் எதிர்பார்த்து நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டேன். படத்திலே இருந்தவையோ, இரண்டு இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடம், அதன் குறுக்கே ஓர் அளவுகோல், எழுத்தும் இலக்கமும் தீட்டிய சிறு பலகை, ஓர் அம்புக்குறி ஆகியனவே. அடுத்த படமும் அவ்வாறே. அதற்கடுத்ததும் அவ்வாறே.

"தம்பி, இதிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அழகாகப் பார்க்க ஒன்றும் இல்லை, சேர். தண்ணீருக்குள்ளே நான் கண்டதைக் கரையில் இருக்கிற பொறியியலாளரும் காண வேண்டும். அவர் ஒரு நாளும் கீழே இறங்கப் போவதில்லை. இந்தப் படத்தைப் பார்த்துத்தான், மேடையில் ஆட்கள் தொடர்ந்து இருக்கலாமா, வேலையை நிறுத்த வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்" என்றான்.

அவன் கூறியதன் பொருளை அறிய 1980ஆம் ஆண்டு நடந்த ஒரு துயரத்தை நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் மாலை, வட கடலில் நோர்வே நாட்டுக்குரிய பகுதியில், அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதக்கும் மேடை புயற் காற்றிடையே கவிழ்ந்தது. அது எண்ணெய்த் தொழிலாளர் தங்கும் விடுதியாகப் பயன்பட்டு வந்தது. அன்று அதில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஐந்து பெருங் கால்களுள் ஒன்று முறிந்து அகன்றதே அழிவுக்குக் காரணம். கால் முறிந்ததன் காரணத்தைத் தேடிச் சென்ற விசாரணையாளர், கடைசியில் மிகச் சிறியதோர் இடத்தில் வந்து நின்றனர். கால்களைத் தாங்கும் குறுக்குக் குழாயொன்றில், நீருக்குள் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்துவதற்காக ஒரு தாங்கியை உருக்கி ஒட்டியிருந்தார்கள். பட்டறைகளில் வெல்டிங் என்று சொல்லும் அவ்வொட்டு வெறும் 6 மில்லிமீற்றர் அளவினது. அவ்விடத்திலிருந்த வெடிப்பு, அலைக்கு அலை குழாய் வளைந்து நிமிர, சிறிது சிறிதாக வளர்ந்து குழாயையே துண்டித்துவிட்டது. வெடிப்பின் உள்ளே வண்ணப்பூச்சின் சுவடும் காணப்பட்டது. மேடை கட்டப்பட்ட காலத்திலேயே வெடிப்பு இருந்தது என்பதற்கு அது சான்று.

மயிரிழை போன்ற ஒரு கோடு 123 பேரின் முடிவுக்கு வழிவகுத்தது. அத்தகைய கோட்டைத் தேடிச் செல்பவனுடைய படம் எப்படி இருக்க வேண்டும்? அழகாக இருக்க வேண்டியதில்லை. ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். அதற்குத் தடையாக நிற்பது நீர். எனவே நீர் ஒளியை என்ன செய்கிறது என்று அறிந்துகொள்வதே இத்தொழிலின் அரிச்சுவடி.

முன்னோர் முயற்சி

இம்முயற்சி புதியதன்று. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெய்மத் குடாவில் வில்லியம் தொம்சன் என்ற சட்டத்தரணி, கமராவை ஒரு பெட்டியில் அடைத்துப் படகிலிருந்து கடலடிக்கு இறக்கினார். பெட்டிக்குள் உப்புநீர் புகுந்துவிட்டது. ஆயினும் தகட்டில் மங்கலானதோர் உருவம் பதிந்திருந்தது. பாலங்களின் நீரில் மூழ்கிய பகுதிகளைச் சோதிப்பதற்கு இம்முறை உதவும் என்பது அவருடைய எண்ணம். கடலடி அழகைக் காட்டுவதற்கு முன்னரே, கட்டடத்தின் நலனைக் காட்டும் நோக்கம் இக்கலையோடு உடன்பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

1893ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு உயிரியலறிஞர் லூயி பூத்தான், சுழியோடிக்குரிய உடை அணிந்து தாமே கடலுள் இறங்கிப் படம் எடுத்தார். மேலிருந்து வரும் வெளிச்சம் போதாது என்று கண்டு, மக்னீசியத்தை எரித்து ஒளி உண்டாக்கும் விளக்கையும் அமைப்பித்தார். அதன்பின் கருவிகள் வேகமாகத் திருந்தின. பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளர் ஜான் தெ வூத்தெர், புகழ்பெற்ற கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக நீர் புகாத சிறு கமராவொன்றை அமைத்தார். அதனைத் தழுவி நிக்கோன் நிறுவனம் 1963ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நிக்கோனோஸ் வகைக் கமராக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு அண்மித்த காலம் சுழியோடிகளின் கைகளில் இருந்தன. இன்றோ படச்சுருள் போய் இலக்கமுறைக் கமரா வந்துவிட்டது. மனிதன் இறங்க முடியாத ஆழத்துக்கு இயந்திரம் இறங்கிப் படம் அனுப்புகிறது. கருவி மாறினாலும் நீர் மாறவில்லை. பூத்தானுக்கு இடையூறாக நின்ற அதே இயல்புகள்தாம் இன்றும் நிற்கின்றன.

தூரமும் அளவும்

நீரின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.33, அதாவது மூன்றில் நான்கு பங்கு. கமராவின் தட்டையான கண்ணாடியினூடாகவோ முகமூடியினூடாகவோ பார்க்கும்போது, ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பொருள் 75 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். அதனால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் காணப்படும். சுழியோடி பிடித்த மீன் கரைக்கு வந்ததும் சிறுத்துப் போவதன் இரகசியம் இதுவே.

கமராவும் கண்ணைப் போலவே தோற்றத் தூரத்தைத்தான் காண்கிறது. ஆகவே, கையால் தூரம் குறிக்கும் கமராவில், நாடாவால் அளந்து ஒரு மீற்றர் என்று கண்டவன் முக்கால் மீற்றருக்கே வில்லையைச் சரிசெய்ய வேண்டும். கண் மதிப்பால் முக்கால் மீற்றர் என்று கண்டவன் அதனை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு வேண்டாமென்று, கமராவின் முன்னே கம்பிச் சட்டமொன்றைப் பொருத்தி, அது பொருளைத் தொட்டவுடன் படம் எடுப்பதும் உண்டு.

தட்டைக் கண்ணாடியால் இன்னொரு குறையும் நேர்கிறது. வில்லை தரையிற் காணும் அகலத்தை நீரிற் காண்பதில்லை. பார்வைக் கோணம் சுருங்கிவிடுகிறது. இதற்கு மாற்றாகக் குவிமாடம் போன்று வளைந்த கண்ணாடியைப் பொருத்துவார்கள். வளைவின் மையத்தை நோக்கி வரும் கதிர்கள் அதன் பரப்பைச் செங்குத்தாகச் சந்திப்பதால் முறிவதில்லை. சுருங்கிய கோணம் மீண்டும் விரிகிறது. பாடநூலில் ஒரு வரியாகக் காணப்படும் செய்தி, கடலடியில் ஒரு கருவியின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

நிறம்

இரண்டாவது, நிறம். நீர் எல்லா நிறங்களையும் ஒரே விதமாக விடுவதில்லை. தெளிந்த கடலிலேகூடச் செந்நிற ஒளி முதற் சில மீற்றர்களுக்குள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மங்கி, ஆழத்தில் நீலமும் பச்சையுமே எஞ்சும். ஆழத்தில் வெட்டுக்காயம் பட்ட சுழியோடியின் இரத்தம் பச்சையாகத் தெரிவதுண்டு.

துருவைச் சோதிப்பவனுக்கு இது வெறும் வேடிக்கையன்று. துருவின் நிறமே இரும்பின் நோயைப் பற்றி ஒரு செய்தி சொல்லும். செம்மஞ்சள் துருவும் கருமையான படிவும் நீல மங்கலில் ஒன்றாகிவிட்டால் அச்செய்தி தொலைந்துபோகும். ஆகையால் சுழியோடி தன் விளக்கைத் தானே கொண்டு செல்ல வேண்டும். விளக்கு இருந்தாலும் தூர நிற்றல் ஆகாது. பொருள் இரண்டு மீற்றர் தூரத்தில் இருப்பின், விளக்கின் ஒளி போக இரண்டு, வர இரண்டு என நான்கு மீற்றர் நீரைக் கடக்கிறது. அதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும்.

கலங்கல்

மூன்றாவது இடையூறு கலங்கல். மலைநாட்டு மூடுபனியில் மோட்டார் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்: முன்விளக்கைக் கூட்டினால் பாதை தெளிவதில்லை, வெண்சுவரொன்று எழுந்து கண்ணை மறைக்கும். நீரில் மிதக்கும் மணலும் பாசித்துகளும் அதையே செய்கின்றன. விளக்கைக் கமராவின் அருகிலேயே வைத்தால், இடையிலுள்ள ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பிக் கமராவுக்குள் எறியும். படத்தில் பனி பெய்தது போலப் புள்ளிகள் விழும். இதைத் தவிர்க்க, விளக்கைக் கை நீட்டிய தூரத்துக்கு விலக்கி, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் பொருளின்மீது ஒளியைப் பாய்ச்சுவார்கள். அதனால் மற்றொரு நன்மையும் உண்டு. சாய்ந்து விழும் ஒளி குழிக்கும் விளிம்புக்கும் நிழல் தரும். நேரே விழும் ஒளியில் தட்டையாகத் தெரியும் பரப்பில், சாய்ந்த ஒளி துருக்குழிகளைக் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு தூரத்தில் நின்று படம் எடுக்கலாம் என்பதற்கும் ஒரு நடைமுறை விதி உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற் போகலாகாது. மூன்று மீற்றர் தெரியுமானால் ஒரு மீற்றருக்குள் நிற்க வேண்டும். துறைமுகங்களிலும் வெள்ளம் பாயும் ஆறுகளிலும் ஒரு சாண் தூரமேனும் தெரியாத நாட்கள் உண்டு. அப்போது என்ன செய்வது? ஒளி ஊடுசெல்லும் பெட்டியொன்றில் தெளிந்த நீரை நிரப்பி, அதன் ஒரு முகத்தைத் தூணோடு அழுத்தி, மறுமுகத்தில் கமராவை வைத்து எடுக்கிறார்கள். கலங்கல் நீருக்குப் பதிலாக நல்ல நீரை இடையில் வைக்கும் இந்த உபாயத்தின் எளிமையை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

சாட்சியின் ஒழுங்கு

இதுவரை கூறியவை ஒளியைப் பற்றியவை. படத்தைச் சாட்சியாக்குவதற்கு இன்னும் சில ஒழுங்குகள் வேண்டும். கடலில் நிற்கும் இரும்பைச் சிப்பியும் பாசியும் மூடியிருக்கும். முதலில் அவற்றோடு ஒரு படம். சுரண்டித் துப்புரவு செய்தபின் அதே இடத்தில் மற்றொரு படம். முதலில் அகன்ற காட்சி, பிறகு நெருங்கிய காட்சி, அதன் பிறகே குறையின் அண்மைக் காட்சி. அகன்ற காட்சி இல்லையென்றால், வெடிப்பு எந்தக் காலில் எந்த உயரத்தில் உள்ளதென்று ஒருவருக்கும் விளங்காது. நீண்ட ஒட்டைப் பல படங்களாக எடுக்கும்போது, ஒவ்வொன்றும் அடுத்ததன் ஓரத்தைச் சிறிது தழுவி நிற்க வேண்டும். வட்டமான குழாயைச் சுற்றி இடங் குறிப்பதற்கு, மணிக்கூட்டு முகத்தைப் போலப் பன்னிரண்டு நிலைகளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். குழியின் ஆழத்தை அளக்க வேண்டுமாயின், நம் இரு கண்களைப் போல இரண்டு வில்லைகளைக் குறித்த இடைவெளியில் வைத்து இரட்டைப் படம் எடுப்பதும் உண்டு.

ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும். நீர் எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டினாலும், வெடிப்போடு சேர்த்து அருகிலுள்ள அளவுகோலையும் அதே விகிதத்திற் பெருக்குகிறது. ஆதலால் இரண்டுக்குமுள்ள ஒப்பீடு கெடுவதில்லை. அளவுகோல் குறைக்கு மிக அருகில், அதே தளத்தில் இருக்க வேண்டும் என்பது மாத்திரமே நிபந்தனை.

அடுத்தது இலக்கப் பலகை. எந்த மூட்டு, எந்தத் திசை, எத்தனையாவது படம் என்பன அதில் இருக்கும். இதுபற்றி என் மாணவன் சொன்ன சொல் என் நெஞ்சில் நிற்கிறது. "மங்கலான படம் வந்தால் திரும்பவும் இறங்கி எடுக்கலாம், சேர். தெளிவான படத்திலே பிழையான இலக்கம் இருந்தால், நல்ல காலைப் பழுதென்றும் பழுதான காலை நல்லதென்றும் எல்லாரும் நம்பிவிடுவார்கள்" என்றான். இலக்கமுறைப் படங்களின் நிறத்தைக் கணினியில் திருத்தலாம், கருமையைக் குறைக்கலாம். எனினும் முதற்படத்தைத் தொடாமற் காப்பாற்ற வேண்டும் என்பதும், செய்த திருத்தத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதும் இத்தொழிலின் அறம். காண முடியாத இடத்தை, காண முடியவில்லை என்றே அறிக்கையில் எழுதுவதும் அவ்வறத்தின் ஒரு பகுதியாகும்.

கரையிலிருந்து காணாதவை

ஆற்றுப் பாலங்களின் செய்தியும் இத்தகையதே. அமெரிக்காவில் நியூ யோர்க் மாநிலத்தின் பெருந்தெருவில், ஸ்கோஹரி என்னும் சிற்றாற்றின்மீது 1954ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலமொன்று இருந்தது. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், வசந்தகாலப் பெருவெள்ளத்தின்போது அது இடிந்து விழுந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். பாலத்தின் மேற்பகுதி சுமை தாங்காமல் விழவில்லை. தூணின் அத்திவாரத்துக்குக் கீழிருந்த மண்ணை நீரோட்டம் அரித்துச் சென்றுவிட்டது. தெருவிற் செல்பவருக்குத் தூண் எப்போதும்போல் நிமிர்ந்தே நின்றது. இவ்விபத்தை அடுத்து 1988ஆம் ஆண்டில், நீருள் நிற்கும் பாலப் பகுதிகளை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் நீருக்கடியிற் சோதிக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டிற் சேர்க்கப்பட்டது. பத்து உயிர்களைக் கொடுத்துப் பெற்ற விதி அது.

கரையில் நிற்பவர் காண முடியாததைச் சுழியோடியின் கமரா காட்டித் தருவதற்கு நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் திருக்கோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தபோது அதன் கற்கள் கடலில் வீழ்ந்தன என்பது நம்மவர் வழிவழியாகக் கூறி வந்த செய்தி. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அம்மலையடியில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டு படம் எடுத்தனர். நோக்கம் வேறாயினும் அவர்கள் செய்த பணி ஒன்றே. இருவர் கண்டதை, கடலில் இறங்காத ஆயிரம் பேர் காணும்படி செய்தனர். பாட்டன் சொல்லிப் பேரன் கேட்ட கதைக்குக் கல்லே சாட்சியாக வந்து நின்றது.

மாணவர்கள் இவ்விதிகளை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிப் பாத்திரமொன்றில் நீர் நிரப்பி, ஒரு நாணயத்தை உள்ளே நிறுத்திவையுங்கள். சில துளி பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, டோர்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்து ஒருமுறையும், பாத்திரத்தின் பக்கவாட்டிற் பிடித்து ஒருமுறையும் பாருங்கள். பின்பு நாணயத்தைக் கண்ணாடியை ஒட்டி வைத்துப் பாருங்கள். விளக்கை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைப் பாத்திரமே கற்பித்துவிடும். பால் கூடக்கூட நாணயம் எவ்வாறு மறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலத்தின்மீது பேருந்தில் உறங்கிக்கொண்டு போகும் தாயும் குழந்தையும், அடியிலே யாரோ ஒருவன் சேற்று நீரில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அறியமாட்டார்கள். அவர்கள் அறியாமலே அவனை நம்பிச் செல்கிறார்கள். தான் எதனூடாகப் பார்க்கிறோம் என்பதை அறிந்து, அது தன் பார்வையை எவ்வளவு திரிக்கிறது என்று கணக்கிட்டு, கண்டதை மாத்திரம் கண்டபடி சொல்லும் ஒருவனுக்கே அந்த நம்பிக்கையைப் பெறும் தகுதி உண்டு. ஒளிமுறிவுப் பாடத்தை வகுப்பில் நடத்தும் நாட்களில், விதியையும் கணக்கையும் எழுதிய பின்னர், இதனையும் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் கரும்பலகையை அழிப்பதில்லை.